பெட்டியில் வாசியுங்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "மகன் கிடார் கற்றுக்கொள்கிறான். முதலில் தாளம், அதன் மேல் கார்டு, அதற்கும் மேல் மெட்டு என்று தானே அடுக்கடுக்காக வாசித்துப் பதிவு செய்ய வேண்டுமாம். கடையில் லூப்பர் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர்தான் வீட்டில் இருக்கிறதே, இன்னொரு பெட்டி எதற்கு?"

கேள்வி நியாயமானதுதான். அடுக்கடுக்காகப் பதிவு செய்ய ஆடாசிட்டி போன்ற இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன. எத்தனை தடங்கள் வேண்டுமானாலும் சேர்க்கலாம். தவறு செய்தால் கண்ட்ரோல் இசட் தட்டினால் போதும். இவ்வளவு வசதி இருக்கும்போது பணம் கொடுத்து, வசதி குறைந்த ஒரு பெட்டியை ஏன் வாங்க வேண்டும்?

என் பதில்: வாங்குங்கள். கம்ப்யூட்டரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. வாசிக்கப் பழக்குவது பெட்டியின் வேலை. வாசித்ததைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டரின் வேலை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வாசிப்பும் வளராது, பதிவும் தங்காது. இரண்டாவது பாடத்தை நான் ஒரு நல்ல பதிவைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

லூப்பர் என்றால் என்ன?

காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி. கிடாரிலிருந்து வரும் ஒயர் இதற்குள் போகும். இதிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும். ஒரு முறை மிதித்தால் பதிவு தொடங்கும். வாசித்து முடித்ததும் மீண்டும் மிதித்தால், வாசித்த பகுதி முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஒலிக்கத் தொடங்கும். இந்தச் சுற்றுதான் லூப். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை வாசித்து அதன் மேல் சேர்ப்பதற்குப் பெயர் ஓவர்டப். நான்கு முறை சேர்த்தால் ஒரே ஆள் நான்கு பேராக வாசிப்பது போலக் கேட்கும்.

இந்த வேலைக்கென்றே பெயர் பெற்ற பெடல்களில் ஒன்று பாஸ் நிறுவனம் 2001ல் வெளியிட்ட ஆர்.சி.-20. 2013ல் டி.சி. எலக்ட்ரானிக் வெளியிட்ட டிட்டோ இன்னும் எளிமையானது. ஒரே ஒரு மிதி, ஒரே ஒரு வால்யூம் குமிழ், 5 நிமிடப் பதிவு, அவ்வளவுதான். அதே 2013ல் வந்த பாஸ் ஆர்.சி.-505 மேசை மேல் வைத்துக் கையால் இயக்குவது. அதில் 5 தடங்கள் தனித்தனியாக உண்டு. மைக்கும் நேரடியாகப் பொருத்தலாம். வாயாலேயே தாளமும் பாட்டும் செய்பவர்கள் விரும்புவது இது போன்ற கருவிகளைத்தான்.

இந்த ஆசை பழையது

ஒரே ஆள் பலராக வாசிக்க வேண்டும் என்ற ஆசைக்குக் கம்ப்யூட்டரை விட வயது அதிகம். 1941ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே ஆறு வாத்தியங்களையும் தானே வாசித்து ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். 1948ல் கிடார் கலைஞர் லெஸ் பால், லவ்வர் என்ற பாடலில் எல்லாக் கிடார்களையும் தானே வாசித்தார். டேப் கூட இல்லாமல் அதைச் செய்தார். ஒரு தட்டில் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் பதிவு செய்வார். பிறகு அதை ஓடவிட்டு மூன்றாவது தட்டு.

இந்த முறையில் இரண்டு தொல்லைகள். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் பழைய ஒலி சற்று மங்கும். அதனால் முக்கியமில்லாத பகுதிகளை முதலிலும், முக்கியமான மெட்டைக் கடைசியிலும் வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தொல்லை இன்னும் பெரியது. கடைசி அடுக்கில் ஒரு விரல் தவறினாலும் அந்தத் தட்டு வீண்.

பின்னர் லெஸ் பால் டேப்புக்கு மாறினார். டேப் ரெக்கார்டரில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தி, பழைய ஒலியைப் படித்து, புதிய ஒலியுடன் கலந்து, அதே டேப்பிலேயே எழுதினார். இதில் பழைய ஒலி அழிந்துவிடும். திரும்பிப் போக வழியே இல்லை. மேரி போர்டுடன் 1951ல் அவர் வெளியிட்டுப் பெரும் வெற்றி பெற்ற பாடல் இப்படி அடுக்கியதுதான். 1957ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து 8 தடங்கள் கொண்ட டேப் ரெக்கார்டர் அவருக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் ஒரு தடத்தில் செய்த தவறு மற்றத் தடங்களைக் கெடுக்காத நிலை வந்தது.

டேப்பைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் லூப் முறைக்கும் நல்ல உதாரணம் உண்டு. 1973ல் ராபர்ட் பிரிப், பிரையன் ஈனோ இருவரும் இரண்டு ரீவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களை அருகருகே வைத்து, ஒரே டேப்பை இரண்டின் வழியாகவும் ஓடவிட்டு ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். முதல் மெஷினில் பதிவானது சில விநாடிகள் கழித்து இரண்டாவது மெஷினில் ஒலிக்கும். அந்த ஒலி மீண்டும் முதல் மெஷினுக்கே போய்ப் பதிவாகும். டேப் விநாடிக்கு 19 செ.மீ. ஓடுவதாக வைத்துக்கொண்டால், மெஷின்களுக்கு இடையே 1 மீட்டர் இருந்தால் சுற்று சுமார் 5 விநாடி. சுற்றை நீட்ட வேண்டுமானால் மெஷினைத் தள்ளி வைக்க வேண்டும்! இன்று உங்கள் மகன் காலால் மிதிக்கும் பெட்டியில் இந்த இரண்டு மெஷின்களும் அடங்கியிருக்கின்றன.

இவ்வளவு கதை எதற்கு என்றால், இன்றைய சாதாரண லூப்பர் லெஸ் பாலின் பழைய டேப்பைப் போல நடந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் அவருடைய 8 தட மெஷினைப் போல நடந்துகொள்கிறது. லூப்பர் கலந்துவிடும். கம்ப்யூட்டர் பிரித்து வைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது தானே புரியும்.

கம்ப்யூட்டரில் தொடங்கினால் என்ன ஆகிறது?

முதல் சிக்கல் தாமதம். இதை லேட்டன்சி என்பார்கள். ஒலி சவுண்ட் கார்டுக்குள் போனதும் கம்ப்யூட்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் கையாளும். இப்படிச் சேர்த்து வைக்கும் இடம் பபர். சி.டி. தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள். பபரின் அளவு 1,024 மாதிரிகள் என்றால் சுமார் 23 மில்லி விநாடி தாமதம். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். அப்படியென்றால் நீங்கள் மீட்டிய தந்தி 8 மீட்டர் தள்ளி எதிர் வீட்டில் ஒலிப்பது போல உங்களுக்குக் கேட்கும். உள்ளே வரும்போது ஒரு பபர், வெளியே போகும்போது ஒரு பபர் என்பதால் உண்மையில் இது இன்னும் கூடும்.

பழகியவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல யு.எஸ்.பி. ஆடியோ இண்டர்பேஸ், ஆசியோ டிரைவர், 128 மாதிரி அளவுள்ள பபர் என்று போனால் பபரின் தாமதம் 3 மில்லி விநாடிக்குள் வந்துவிடும். ஆனால் நேற்றுக் கம்ப்யூட்டர் வாங்கியவர், அதிலேயே இருக்கும் மைக் துளையில் ஒயரைச் செருகிவிட்டு உட்காருகிறார். வாசித்தது தாளத்தோடு சேரவில்லை. தவறு டிரைவரிலா, விரலிலா என்று தெரியவில்லை. கற்றுக்கொள்ளும் பிள்ளை பெரும்பாலும் தன் விரலைத்தான் சந்தேகப்படும். "எனக்குத் தாளமே வரவில்லை" என்று கிடாரை ஓரமாக வைத்துவிடும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

லூப்பரில் இந்தக் குழப்பம் இல்லை. பல பெடல்களில் நீங்கள் நேரடியாக வாசிக்கும் ஒலி டிஜிட்டலாக மாறாமல் அப்படியே ஆம்ப்ளிபயருக்குப் போய்விடும். மீட்டியதும் கேட்கும். சுற்று பிசகினால் பிசகியது கால்தான், சந்தேகமே இல்லை. திருத்த வேண்டியது எது என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்?

இரண்டாவது சிக்கல், சற்று விநோதமாகத் தோன்றலாம்: கம்ப்யூட்டரில் வசதி அதிகம். எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதால் யாரும் முழுதாக ஒரு முறை வாசிப்பதில்லை. நான்கு விநாடி வாசித்து, வெட்டி, நகர்த்தி, ஒட்டி, மாலை முழுவதும் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கிடார் மடியில் இருக்கும், கை மவுஸில் இருக்கும். லூப்பரில் வெட்டி ஒட்ட முடியாது. எட்டுத் துடிப்பு என்றால் எட்டுத் துடிப்பும் ஒழுங்காக வாசித்தே ஆக வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. பத்து முறை தவறினால் பத்து முறை சாதகம் ஆயிற்று!

2004ல் கே.டி. டன்ஸ்டல் என்ற ஸ்காட்லாந்துப் பாடகி பி.பி.சி.யின் இசை நிகழ்ச்சி ஒன்றில், கடைசி நேரத்தில் வராமல் போன இன்னொரு கலைஞருக்குப் பதிலாக மேடை ஏறினார். கையில் ஒரு கிடார், காலடியில் ஆகாய் ஹெட்ரஷ் என்ற லூப் பெடல். கிடாரைத் தட்டித் தாளம், அதன் மேல் குரல், அதன் மேல் கிடார் என்று பார்ப்பவர்கள் கண் முன்னாலேயே பாட்டைக் கட்டினார். அந்த ஓர் இரவுக்குப் பிறகு அவர் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்தது. அங்கே கண்ட்ரோல் இசட் கிடையாது. வீட்டில் அந்தப் பெடலுடன் எத்தனை மணி நேரம் செலவிட்டிருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்கும்!

லூப்பரில் கவனிக்க வேண்டியவை

பெட்டி எளிமையானது என்பதால் கையேட்டை ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். இந்த விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பல நாள் எரிச்சல் மிச்சம்.

முதல் சுற்றுதான் அஸ்திவாரம். அதன் நீளத்துக்குத்தான் மற்ற எல்லா அடுக்குகளும் கட்டுப்பட வேண்டும். நிமிடத்துக்கு 90 துடிப்பு வேகத்தில் 16 துடிப்பு வாசித்தால் சுற்று 10.67 விநாடி. முடிக்கும்போது கால் சற்றுத் தாமதித்தாலும் அந்த விக்கல் ஒவ்வொரு சுற்றிலும் வரும். 16வது துடிப்பு முடிந்த பிறகு மிதித்தால் தாமதமாகிவிடும். அடுத்த சுற்றின் முதல் துடிப்பு விழும் அதே கணத்தில் கால் விழ வேண்டும். காலை மிதித்துவிட்டு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த துடிப்பு வரை கை ஓடிக்கொண்டே இருந்தால் கால் தானாகச் சரியான இடத்தில் விழும். பக்கத்தில் மெட்ரோனோம் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது மிதி என்ன செய்யும் என்று பாருங்கள். சில கருவிகளில் இரண்டாவது மிதி சுற்றை ஒலிக்க மட்டும் செய்யும். ஓவர்டப்புக்கு மூன்றாவது முறை மிதிக்க வேண்டும். சிலவற்றில் இரண்டாவது மிதியிலேயே ஓவர்டப் தொடங்கிவிடும். இது தெரியாமல் "நன்றாக வந்திருக்கிறதா?" என்று வீட்டாரைக் கேட்டால் அந்தக் கேள்வியும் பதிவாகிச் சுற்றும்! பல கருவிகளில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாக மிதியுங்கள். சிறிய லூப்பர்களில் கடைசி ஓவர்டப்பை மட்டும்தான் நீக்க முடியும். ஓவர்டப்பை நிறுத்தாமல் மூன்று சுற்று தொடர்ந்து வாசித்தால், சில கருவிகள் அந்த மூன்றையும் ஒரே அடுக்காக எடுத்துக்கொண்டு மொத்தமாக நீக்கிவிடும். ஓர் அடுக்கை வாசியுங்கள், ஓவர்டப்பை நிறுத்துங்கள், ஒரு சுற்று கேளுங்கள். சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

முதல் அடுக்கை மெதுவாக வாசியுங்கள். 16 பிட் பதிவில் ஒலி அலையின் உச்ச எண் 32,767. ஒரு கணத்தில் முதல் அடுக்கு 20,000 என்றும் இரண்டாவது அடுக்கும் 20,000 என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டினால் 40,000. எண்ணுக்கு இடமில்லை, அலையின் தலை வெட்டப்பட்டுக் கரகரவென்று கேட்கும். உள்ளே கூடுதல் இடம் விட்டுக் கணக்கிடும் கருவிகளும் உண்டு. ஆனாலும் ஒலி எங்காவது ஓரிடத்தில் வெளியே வந்துதான் ஆக வேண்டும். வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டு உட்காருவது பஸ்ஸில் மட்டுமல்ல, லூப்பிலும் நல்ல பழக்கம்.

இரைச்சலும் கூடவே சேரும். வாசிக்காமல் ஓவர்டப்பைத் திறந்து வைத்தால் கிடாரின் "ஸ்ஸ்ஸ்" ஓசையும் ஓர் அடுக்காகப் பதிவாகும். அடுக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இரைச்சல் 3 டெசிபல் உயரும். எட்டு அடுக்கில் 9 டெசிபல். முதல் அடுக்கில் காதில் விழாதது எட்டாவதில் நன்றாகவே விழும்.

மைக் வைத்து அடுக்கும்போது ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் ஓடும் சுற்றை மைக் மறுபடியும் பிடித்துப் பதிவு செய்யும். இரண்டே சுற்றில் ஒலி குழம்பிவிடும்.

அடாப்டரில் கவனம் தேவை. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி., நடுமுனை நெகடிவ். வீட்டில் கிடக்கும் பழைய மோடம் அடாப்டர் துளையில் சரியாகப் பொருந்தலாம். ஆனால் அதில் நடுமுனை பாசிடிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து, வோல்ட், மில்லி ஆம்பியர் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொண்டு செருகுங்கள்.

நான் இழந்த பதிவு

2012ல் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். மாலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசிப்பார். கச்சேரி செய்தவர் அல்லர்; ஆனால் கேட்டால் நடப்பவர்கள் நிற்பார்கள். ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, மைக் வைத்து, லூப்பரில் ஒரு நிமிடம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தது திரும்ப ஒலித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "தம்பி, இது நானா?" என்றார்.

அவர் போன பிறகு எனக்கு ஆசை வந்தது. அந்தச் சுற்றின் மேல் கைத்தாளம் போட்டேன். அதன் மேல் கீபோர்டில் சுருதி. கைத்தாளம் சற்று முந்தியது. நீக்கிவிடலாம் என்று மிதித்தால் சுருதிதான் நீங்கியது. ஒரே ஓர் அடுக்கைத்தான் நீக்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பிசகிய கைத்தாளம் புல்லாங்குழலுக்குள் கலந்துவிட்டது. "பரவாயில்லை ஐயா, அடுத்த வாரம் இன்னொரு முறை வாசிக்கலாம்" என்று அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் வேறு வேலை. அதற்கடுத்த மாதம் அவர் இல்லை.

கருவியின் மேல் குற்றம் இல்லை. கையேட்டில் எழுதியிருந்ததைத்தான் அது செய்தது. அன்று ஓவர்டப் செய்வதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தால் போதும். சி.டி. தரத்தில் ஸ்டீரியோ ஒலி ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பத்து எம்.பி.க்கு இடம் இல்லாத கம்ப்யூட்டரா என்னுடையது?

2019ல் டீசர் நிறுவனம் ஸ்பிளீட்டர் என்ற இலவச சாப்ட்வேரை வெளியிட்டது. கலந்துவிட்ட பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, மற்றவை என்று பிரித்துக் கொடுக்கும். ஆசையோடு முயன்றேன். கைத்தட்டல் பெருமளவு விலகியது. ஆனால் புல்லாங்குழலுக்கு என்று தனிப் பெட்டி அதில் இல்லை. "மற்றவை" என்பதில் வந்து விழுந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பது போல. இப்போதுள்ள சாப்ட்வேர்கள் இன்னும் நன்றாகப் பிரிக்கின்றன. ஆனால் பிரித்து எடுத்தது என்றுமே முதல் பதிவு ஆகாது.

கம்ப்யூட்டரின் வேலை இங்கேதான்

அதனால்தான் சொல்கிறேன், வாசிப்பது பெட்டியில், காப்பாற்றுவது கம்ப்யூட்டரில். எப்படி?

யு.எஸ்.பி. துளை உள்ள லூப்பராக இருந்தால் வேலை எளிது. பல மாடல்கள் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் தெரியும். உள்ளே வேவ் பைல்கள் இருக்கும். முதல் சுற்று நன்றாக வந்ததும் அதை லூப்பரின் நினைவில் சேமித்து, பைலைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு, பிறகு ஓவர்டப் செய்யுங்கள். போல்டர்களின் பெயரை மாற்றாதீர்கள்; லூப்பருக்குப் பிறகு அடையாளம் தெரியாமல் போகும். சில மாடல்களில் சேமிக்கும் பட்டனை அழுத்தாமல் அணைத்தால் வாசித்தது போய்விடும். மின்சாரம் போனாலும் அதே கதிதான். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தால் லூப்பரின் அடாப்டரையும் அதிலேயே செருகுங்கள்.

டிட்டோ, ஆர்.சி.-1 போன்ற சிறிய பெடல்களில் பைலை இப்படி எடுக்க முடியாது. அவற்றுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த முறை. இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இண்டர்பேஸ் ஒன்று வேண்டும். கிடார் ஒலியை ஒரு ஸ்பிளிட்டர் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை நேராக இண்டர்பேஸின் முதல் துளைக்கு. கிடார் என்று குறித்த துளையில் செருகுங்கள். இன்னொரு கிளை லூப்பர் வழியாக இரண்டாவது துளைக்கு. ஆடாசிட்டியில் ஸ்டீரியோவாகப் பதிவைத் தொடங்கிவிட்டு, கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். லூப்பரில் வழக்கம் போல அடுக்கி வாசியுங்கள்.

முடித்த பிறகு பாருங்கள். ஒரு பக்கத்தில் லூப்பரின் கலவை முழுதாக இருக்கும். இன்னொரு பக்கத்தில் நீங்கள் வாசித்த ஒவ்வோர் அடுக்கும் கலக்காமல், ஒன்றன் பின் ஒன்றாக, சுத்தமாக இருக்கும். சுற்றின் நீளம் 10.67 விநாடி என்றால் அந்த நீளத்துக்கு வெட்டித் தனித்தனித் தடங்களில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் போதும். எந்த அடுக்கை வேண்டுமானாலும் குறைக்கலாம், கூட்டலாம், தூக்கி எறியலாம். இங்கே தாமதப் பிரச்சினையும் இல்லை. ஏனென்றால் வாசிக்கும்போது நீங்கள் கேட்டது கம்ப்யூட்டர் வழியாக வந்த ஒலி அல்ல. ஆம்ப்ளிபயரை லூப்பரின் பின்னால் இன்னொரு கிளையாகவோ, இண்டர்பேஸின் நேரடி மானிட்டர் வசதி மூலமாகவோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இண்டர்பேஸ் வாங்க இப்போது வசதி இல்லையென்றால், டெஸ்க்டாப்பின் பின்புறம் இருக்கும் நீல நிற லைன் இன் துளையில் லூப்பரின் வெளியீட்டைச் செருகி, அடுக்கு சேரச் சேர முழுவதையும் பதிவு செய்யுங்கள். அடுக்குகள் தனியாகக் கிடைக்காது. ஆனால் முதல் அடுக்கு மட்டும் ஒலித்த அந்தச் சுற்று பத்திரமாக இருக்கும். எனக்கு அன்று அது ஒன்று போதுமாயிருந்தது. இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. அதில் செருகினால் ஒலி கரகரக்கும்.

சேமிக்கும்போது வேவ் ஆகவே சேமியுங்கள். எம்.பி.3 ஆக மாற்றினால் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது மௌனம் ஒட்டிக்கொள்ளும். பாட்டு கேட்பதற்கு அது தெரியாது. சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். இடம் போதாது என்று பயப்பட வேண்டாம். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கில் சி.டி. தரத்தில் ஏறத்தாழ 780 மணி நேரம் கொள்ளும். பைலுக்குத் தேதியும் வாசித்தவர் பெயரும் வையுங்கள். "நியூ1", "நியூ2" என்று வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது. இன்னொரு நகல் வேறொரு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

லூப்பர் போதாத இடம்

ஒரு தரப்பை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. பல்லவி, சரணம் என்று மாறி மாறிப் போகும் முழுப் பாட்டை ஒற்றைச் சுற்று லூப்பரில் கட்டுவது கஷ்டம். நான்கு கார்டுகள் திரும்பத் திரும்ப வந்தால் வாசிப்பவருக்கு இனிக்கும், கேட்பவருக்குச் சலிக்கும். பல தடங்கள் கொண்ட லூப்பர்கள் ஓரளவு உதவும். ஆனால் அவற்றிலும் ஒரே தடத்துக்குள் செய்த ஓவர்டப் கலந்தே போகும். விலையும் கூட. பாட்டை எழுதி, திருத்தி, பிறருக்குக் கொடுக்கும் அளவுக்கு மெருகேற்ற வேண்டும் என்ற நிலை வரும்போது கம்ப்யூட்டரில்தான் உட்கார வேண்டும். அந்த நிலை வரும்போது, லூப்பரில் பழகிய காலும் காதும் சும்மா இருக்காது. வெட்டி ஒட்ட வேண்டிய தேவை பாதியாகக் குறைந்திருக்கும்.

புதிதாகப் பெடல் வாங்க யோசிப்பவர்கள் முதலில் நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் பழகிப் பாருங்கள். ஒரே மிதி உள்ள சிறிய பெடலே தொடங்கப் போதும். யு.எஸ்.பி. வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் பாட்டி பாடுவார்களா? தாத்தா ஆர்மோனியம் வாசிப்பாரா? லூப்பர் வீட்டுக்கு வந்த அன்றே அவர்களை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்று பதிவு செய்யுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பைல் ஒழுங்காக ஒலிக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அதன் மேல் உங்கள் தாளத்தைப் போடுங்கள்.